ஹார்ன் சரி

இரண்டே திருகாணி. பொம்மை இன்ஜினின் அடிவயிற்றில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. கழற்றியாகிவிட்டது. மேல்கூடு இப்போது கையோடு வந்துவிட வேண்டும், வரவில்லை, இருபத்தைந்து வருஷத்துப் பிளாஸ்டிக், உள்ளே இருக்கிற இரும்போடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது, நகத்தைக் கொடுத்து நெம்பினால் விரிசல் விடுமோ என்று கை தயங்குகிறது. வேறு யாருடையதாவது இருந்தால் நெம்பியிருப்பேன். மாதத்துக்கு இரண்டு மூன்று வருகிறது இப்படி, பொம்மை ரயில் சேர்க்கிறவர்கள் பழைய இன்ஜினைக் கொண்டுவந்து கொடுத்து இதற்குச் சத்தம் வைத்துத் தாருங்கள் என்கிறார்கள், ரிட்டயரான பிறகு எனக்கு அதுதான் பொழுது. முப்பத்திரண்டு வருஷம் டீசல் ஷெட்டில் நிஜ இன்ஜினுக்கு ஒயர் இழுத்த கை, இப்போது ஒரு சாண் நீள இன்ஜினுக்குள் தலைமுடி கனத்தில் ஒயர் இழுக்கிறது. ஆனால் இது சவரிமுத்தண்ணனுடையது. ஜெர்மனியில் கன்னியாஸ்திரியாக இருந்த அவர் தங்கை லீவில் வந்தபோது வாங்கிவந்தது, அண்ணன் ரயில் டிரைவர் என்பதால் ரயில் பொம்மை. சிவப்பு உடம்பு, சாம்பல் கூரை. போன ஞாயிற்றுக்கிழமை பழைய செருப்புப் பெட்டியில் பஞ்சு வைத்துக் கொண்டுவந்தார். பதினோரு வருஷத்தில் அவர் என் வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. மகள் வீடு குரோம்பேட்டையாம், அங்கிருந்து இந்தப் பெருங்களத்தூர் என்ன தூரமா என்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு, "ஹார்ன் மட்டும் நல்லாக் கேக்கணும் நாயகம்" என்றார். மட்டும். எல்லோரும் இன்ஜின் உறுமல் வேண்டும், பிரேக் கிறீச்சிடும் சத்தம் வேண்டும், மணி வேண்டும் என்பார்கள். ஹார்ன் மட்டும் என்று யாரும் சொன்னதில்லை. ஏழு நாளாக அந்த 'மட்டும்' பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி, நாக்கு அங்கேயே போகிறது. தெரிந்துதான் சொன்னாரா. தெரிந்திருந்தால் பதினோரு வருஷம் சும்மா இருப்பாரா. தெரியாமல் சொன்னாரென்றால் ஏன் என் முகத்தைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்துச் சொன்னார். மணி மூன்று பத்து. ஆறு மணிக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று காலையில் போன் வந்தது. வந்துவிட்டது, டக்கென்று ஒரு சத்தம், விரிசல் இல்லை, கூடு கையில் இருக்கிறது.

உள்ளே எல்லாம் சுத்தம். ஓட்டவே இல்லை போலிருக்கிறது, சக்கரத்தில் கறுப்பு இல்லை, எண்ணெய் மட்டும் பிசினாகி உறைந்திருக்கிறது. பழைய இன்ஜினில் மோட்டாரின் ஒரு கால் நேரே இரும்புச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும், கரண்ட் சட்டம் வழியாகவே வரும், அந்தக் காலத்துக்கு அது போதும். சத்தப் போர்டு வைக்க வேண்டுமென்றால் அந்தத் தொடர்பை அறுக்க வேண்டும். மோட்டார் எதையும் தொடக் கூடாது. ஒரு மயிரிழை தொட்டாலும் போர்டு எரிந்துவிடும், சின்னதாகப் புகை வரும், அவ்வளவுதான். காலை மடக்கி, மஞ்சள் டேப் ஒட்டி, மோட்டாரை மறுபடி உட்கார வைத்து, மீட்டரின் ஒரு முள்ளை மோட்டாரிலும் இன்னொன்றைச் சட்டத்திலும் வைத்தேன். மீட்டர் கத்தவில்லை, எங்கும் தொடவில்லை. நல்லது. மறுபடி வைத்தேன். கத்தவில்லை. மூன்றாவது தடவையும் வைக்கிறேன். இப்போதெல்லாம் எல்லாமே மூன்று தடவைதான், கேஸ் அடுப்பு, கதவுப் பூட்டு, குழாய். படுத்த பிறகு எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தால் என் வீட்டுக்காரி உலகு சிரிக்கிறாள், கல்யாணமான புதிதில் பேண்டு ஜிப்பைக்கூடப் போடாமல் வெளியே போகிறவர் நீங்கள் என்று. அவளுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு டிசம்பர் மாதம், காலை ஐந்தரை, எனக்கு ஷிஃப்ட் முடிய அரைமணி நேரம் இருந்தது. ஷெட்டில் பழுதுபார்க்கிற குழிக்கு மேலே அந்த இன்ஜின் நின்றது, ஆறு மணிக்கு முன்னால் வெளியே போக வேண்டும், லைட் இன்ஜினாக, பெட்டி ஒன்றும் இல்லாமல், அடுத்த ஜங்ஷனில் போய் சரக்கு வண்டியை எடுக்க. விளக்கு பார்த்தேன், பேட்டரி பார்த்தேன், ஒயர் எல்லாம் பார்த்தேன். ஹார்னைப் பார்க்கக் காற்று வேண்டும். காற்று வேண்டுமென்றால் கம்ப்ரசர் ஓடிப் பத்து நிமிஷம் நிற்க வேண்டும். மேலே ஏற வேண்டும், கைப்பிடிக் கம்பி ஐஸ் மாதிரி இருந்தது. பத்து நிமிஷம். வேறு காரணம் ஏதாவது கிடைக்குமா என்று இத்தனை வருஷம் தேடிவிட்டேன், உடம்பு சரியில்லை, அவசரப்படுத்தினார்கள், ஆள் இல்லை. ஒன்றும் கிடைக்கவில்லை. குளிராக இருந்தது, ஏறச் சோம்பலாக இருந்தது, நேற்றும் ஊதியது இன்றும் ஊதும் என்று இருந்தது. ரிஜிஸ்டரில் பன்னிரண்டாவது கட்டம். ஹார்ன் என்று அச்சடித்திருக்கும், எதிரே நாம் எழுத வேண்டும். சரி என்று எழுதினேன். பேனாவில் மை இறங்கவில்லை, உதறி இன்னொரு தடவை எழுதினேன். கீழே கையெழுத்து. கோமதிநாயகம்.

"என்னங்க, காப்பி ஆறுது. அந்த ஈயப் பொகையக் குடிச்சே வயித்த நெரப்பிருவிய போலிருக்கே."

உலகு டம்ளரைக் கொண்டுவந்து ஈயக் கம்பிச் சுருளுக்குப் பக்கத்தில் வைத்தாள். குனிந்து இன்ஜினின் வயிற்றைப் பார்த்தாள்.

"சவரி அண்ணாச்சியோடதா?"

"ஆமா."

"பாவம் மனுசன். போன வாரம் வந்தப்போ அடையாளமே தெரியல. சம்சாரம் போனதுல இருந்தே இப்படித்தானாம். ராத்திரிக்கு இங்கயே சாப்பிடச் சொல்லுங்க, இட்லிதான்."

"சரி."

"என்ன சரி? மூஞ்சியப் பாத்தா சரி மாதிரி இல்லையே. பிரஷர் மாத்திரை போட்டியளா?"

போட்டேன் என்றேன். போனாள். பாவம் மனுசன். பாவம் என்று அவள் சொன்னது அவரைத்தான். அன்றைக்கும் இவள்தான் எழுப்பினாள், வீட்டுக்கு வந்து படுத்து நாலு மணி நேரம்கூட ஆகவில்லை, ஷெட்டிலிருந்து ஆள் வந்திருக்கு, ரிஜிஸ்டர் விஷயமா வரச் சொல்றாங்களாம் என்று. பதினோராவது கிலோமீட்டரில், கரட்டுக் குன்றை வெட்டித் தண்டவாளம் வளைகிற இடத்தில், பனிமூட்டத்தில், கீமேன் ஒருவர் அடிபட்டுவிட்டார். தண்டவாளத்தில் நடந்து நடந்து கழன்ற ஆணியைத் தட்டிக்கொண்டு போகிற ஆள். சடையாண்டி. நாற்பத்திரண்டு வயது. பெட்டி இல்லாத இன்ஜின் சத்தம் குறைவாகத்தான் வரும், அதுவும் பள்ளத்துக்குள், குனிந்து சுத்தியலால் தட்டிக்கொண்டிருக்கிறவனுக்கு எங்கே கேட்கும். அதற்குத்தானே ஹார்ன். வளைவுக்கு முன்னால் ஊதச் சொல்லிப் பலகையே நட்டிருக்கும். டிரைவர் சவரிமுத்து, ஊதினேன், சத்தம் வரவில்லை, வெறும் காற்றுதான் போனது என்று அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டார் என்றார்கள். வெறும் காற்று. ஷெட் கக்கூஸில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணிக்கு வேறொரு இன்ஜின் அதைக் கட்டி இழுத்து வந்தது. யாரும் எதையும் தொடக் கூடாது, நாளைக் காலையில் அதிகாரிகள் வந்து ஊதிப் பார்ப்பார்கள் என்று சொல்லிவிட்டு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நான் சாப்பிடப் போகவில்லை.

ஒயர் ஆறு. சிவப்பும் கறுப்பும் சக்கரத்துக்கு, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு, ஊதா இரண்டும் ஸ்பீக்கருக்கு. ஸ்பீக்கர் ஒரு ரூபாய்க் காசு அளவுதான், அதைச் சும்மா வைத்தால் கொசு மாதிரி முனகும், சுற்றிலும் காற்றுப் போகாமல் ஒரு டப்பா கட்ட வேண்டும், அப்போதுதான் தொண்டை வரும். அதற்கு இடமில்லை. உள்ளே கனத்துக்காக வைத்திருக்கிற இரும்பில் ஒரு மூலையை அராவ வேண்டும். அராவுகிறேன். தூள் நகக்கண்ணில் ஏறுகிறது. அன்றைக்கும் நகக்கண்ணில் ஏறியது, ஆனால் அது துரு. ஷெட்டுக் காற்றுக் குழாயை இன்ஜினில் மாட்டினேன், மேலே ஏறினேன், வெயிலில் கைப்பிடி சுட்டது. அழுத்தினேன். உஸ். பாம்பு மாதிரி. மறுபடி அழுத்தினேன். உஸ். அவ்வளவுதான். அவர் சொன்னது நிஜம். தண்ணீர் கோத்துத் துருப்பிடித்து வால்வு மூடிக்கொண்டிருந்தது. அங்கேயே நான் கீழே இறங்கி, சார், ஹார்ன் ஊதவில்லை, காலையில் நான் பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். இந்த இடத்துக்கு வந்ததும் மனசு ஒவ்வொரு தடவையும் நின்று, நான் இறங்கிப் போவதைப் பார்க்கிறது, நீலச் சட்டையோடு நான் ஆபீஸ் அறைப் பக்கம் நடக்கிறேன், செருப்புச் சத்தம்கூடக் கேட்கிறது. போகவில்லை. வால்வைக் கழற்றினேன். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்தேன், மாட்டினேன், லேசாகத் தட்டிப் பார்த்தேன். ஒரு சின்னக் குரல் வந்தது, நன்றாக வந்தது. ஷெட்டில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, அங்கே நாள் முழுக்க ஏதாவது ஒன்று ஊதிக்கொண்டுதான் இருக்கும். எல்லாம் சேர்த்து எவ்வளவு நேரம் ஆகியிருக்கும். பத்து நிமிஷம். காலையில் கொடுக்காத அதே பத்து நிமிஷம்.

மறுநாள் நாலு அதிகாரிகள் முன்னிலையில் ஊதினார்கள். ஷெட் முழுக்க எதிரொலித்தது. சவரிமுத்தண்ணன் ஓரமாக நின்றார். அந்தச் சத்தம் கேட்டதும் அவர் முகம் என்ன ஆனது என்று நான் பார்க்கவில்லை, பார்க்கக் கூடாது என்று என் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றேன், லேஸ் ஒன்று அவிழ்ந்திருந்தது. ரிஜிஸ்டரில் சரி என்று இருக்கிறது, ஊதிப் பார்த்தாலும் சரியாக இருக்கிறது, அப்படியானால் டிரைவர் ஊதவில்லை. அசிஸ்டெண்ட் டிரைவர் என்ன சொல்வான், அவன் அந்த நேரம் பின்னால் இன்ஜின் அறைக்குள் இருந்தான், அந்த இரைச்சலில் எனக்கு எதுவும் கேட்காது என்றான். முடிந்தது. சவரிமுத்தண்ணனை இன்ஜினிலிருந்து இறக்கினார்கள். பிறகு ஒன்பது வருஷம், ரிட்டயராகும்வரை, டிரைவர்களுக்கு டூட்டி எழுதுகிற அறையில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டிக்குப் போவார்கள், அவர் நேரம் குறிப்பார். நான் அந்தப் பக்கம் போனால் தலையை ஆட்டுவார். நானும் ஆட்டுவேன். ஒரு தடவையாவது என்னை முறைத்திருக்கலாம். ஊதாத ஹார்னுக்குச் சரி போட்டவன் நீதானே என்று சட்டையைப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. அதுதான் புரியவில்லை. ஊதினேன் வரவில்லை என்று நிச்சயமாகத் தெரிந்த மனுஷன் எப்படி அத்தனை அமைதியாகத் தலையாட்டுவான். சடையாண்டியின் சம்சாரத்துக்கு ஷெட்டிலேயே பெருக்குகிற வேலை கொடுத்தார்கள். பெருமாயி. நாங்கள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சுக்கு அடியில் பெருக்க வரும்போது, காலத் தூக்குங்க சார் என்பாள். தூக்குவேன். சாவுக்குப் பிறகு என்னிடம் அவள் சொன்ன வார்த்தை அது ஒன்றுதான், வருஷக்கணக்காக அது ஒன்றுதான்.

ஐந்தரை ஆகிவிட்டது. போர்டு உட்கார்ந்துவிட்டது, ஸ்பீக்கர் டப்பா உட்கார்ந்துவிட்டது. கூட்டை மூடாமல் சும்மா தண்டவாளத்துண்டில் வைத்து கன்ட்ரோலரைப் போட்டேன். புகை இல்லை. ஒன்றாம் பட்டன், மணி அடித்தது. இரண்டாம் பட்டன் ஹார்ன். அழுத்தினேன். ஒன்றுமில்லை. மறுபடி. ஒன்றுமில்லை, ஸ்பீக்கரில் மெல்லிய இரைச்சல், உஸ் என்று, சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது, இது என்னடா இது, இது எப்படி. எழுந்து ஜன்னல்வரை போனேன். தாம்பரம் பக்கம் ஒரு மின்சார ரயில் போகிறது. திரும்பி வந்து உட்கார்ந்தேன். முட்டாள். போர்டில் பதினாறு வகை ஹார்ன் பதிந்திருக்கிறது, எது வேண்டும் என்று சொல்லாவிட்டால் காலியான இடத்தைத்தான் அது எடுக்கும், சத்தமில்லாமல் ஓடும், இது எனக்குத் தெரிந்த விஷயம், நூறு தடவை செய்த விஷயம். ஒன்று என்று வைத்தேன், அமெரிக்க ஹார்ன், சர்ச் ஆர்கன் மாதிரி. மூன்று, கப்பல் மாதிரி. ஏழு. ஏழு நம்முடையதுபோல இருந்தது, தாழ்ந்த குரலும் உயர்ந்த குரலும் சேர்ந்து, கடைசியில் கொஞ்சம் இழுவை. அதையே வைத்தேன். கூட்டை மூடித் திருகாணி முறுக்கினேன். பிறகு அழுத்திக்கொண்டே இருந்தேன், உலகு அடுப்படியிலிருந்து போதும் என்று கத்தும்வரை.

ஆறுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே வந்துவிட்டார். மூன்று மாடி ஏறி வந்திருக்கிறார், லிஃப்ட் இருக்கிறதே அண்ணே என்றால், பழக்கமில்லை என்கிறார். வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் ஜெபமாலை துருத்திக்கொண்டிருக்கிறது. கழுத்து இளைத்துக் காலருக்குள் ஆடுகிறது. மேஜைக்கு முன்னால் உட்கார வைத்து, இந்தப் பட்டன் அண்ணே என்று காட்டினேன். அவர் விரலை அதன்மேல் வைத்தார். வைத்தபடியே இருந்தார். அழுத்தவில்லை.

"அமுக்குங்கண்ணே."

"இருப்பா." விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நாயகம், ஒன்னு சொல்லணும். அதுக்குத்தான் இதத் தூக்கிட்டு வந்தேன். சத்தம் வைக்கிறதெல்லாம் ஒரு சாக்கு."

வந்துவிட்டது. பதினோரு வருஷமாக வரும் வரும் என்று இருந்தது வந்துவிட்டது, மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன், உலகு அடுப்படியில் இருக்கிறாள், கதவைச் சாத்தியிருக்கலாம்.

"சொல்லுங்கண்ணே."

"அன்னைக்கு நான் ஹார்ன் அடிக்கவே இல்லப்பா."

எனக்குப் புரியவில்லை. புரிந்தது, ஆனால் வார்த்தை உள்ளே போய் உட்காரவில்லை.

"தொடர்ச்சியா நாலாவது ராத்திரி டூட்டி. கண்ணு சொக்கிருச்சு. அசிஸ்டெண்ட் பின்னால போயிருந்தான். கண்ணத் தொறந்தா ஆரஞ்சுச் சட்ட, அம்புட்டுப் பக்கத்துல. கை பிரேக்குக்குத்தான் போச்சு, ஹார்னுக்குப் போகல. ஷெட்டுல கொடி காட்டுனாங்க, வந்துட்டேன், பொறப்பட்டதுல இருந்தே ஒருக்காகூட அத நான் தொடல. ஊதுனேன் வரலன்னு எழுதிக் குடுத்தேன்ல, அது பொய்."

"அண்ணே..."

"இரு, சொல்லிர்றேன். இல்லன்னா சொல்ல மாட்டேன். உன் கையெழுத்து இருக்கும்னு எனக்குத் தெரியும். நான் அப்படிச் சொன்னா உன் வேல போகும்னும் தெரியும். தெரிஞ்சேதான் எழுதுனேன். ரெண்டு பிள்ளைக படிச்சுக்கிட்டிருந்துச்சு, பயம். நல்லவேளையா மறுநாள் அது நல்லா ஊதிருச்சு. ஊதலன்னா உன் குடும்பம் நடுத்தெருவுல நின்னுருக்கும். உன்னயப் பாக்குறப்பெல்லாம் தலைய ஆட்டுவேனே, வாய்வரைக்கும் வரும். மன்னிச்சுக்க நாயகம்."

எழுந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். குளிர்ந்த கை. அவர் கண்ணில் தண்ணீர் நிற்கிறது, விழவில்லை.

"சர்ச்சு சாமியார்கிட்ட எல்லாத்தையும் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன். அது தீரலப்பா. ஒரே ஒரு தடவ அமுக்கியிருந்தா அந்த மனுசன் நகந்திருப்பான். ஊதுற ஹார்னக் கையில வச்சுக்கிட்டு ஊதாமப் போயிட்டேன். தெனம் காலைல அத நெனச்சுத்தான் முழிக்கிறேன்."

அண்ணே, அது ஊதியிருக்காது. மூன்று வார்த்தை. நீங்கள் அமுக்கியிருந்தாலும் உஸ் என்றுதான் வந்திருக்கும், அந்த மனுஷன் நகர்ந்திருக்க மாட்டான், நீங்கள் பொய் என்று நினைத்து எழுதியது நிஜம், நான் ஏறினேன், நான் அழுத்திப் பார்த்தேன், நான் துடைத்தேன். உலகத்தில் இதைச் சொல்ல முடிந்தவன் நான் ஒருத்தன்தான், சொன்னால் நாளைக் காலையில் இந்த மனுஷன் வேறு எதையாவது நினைத்து விழித்துக்கொள்வார். பென்ஷனை இனி யாரும் பிடுங்கப் போவதில்லை. சவரிமுத்தண்ணன் போய் யாரிடமும் எழுதிக் கொடுக்கப் போவதில்லை. இந்த முகம், எனக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிற இந்த முகம், என்னிடம் மன்னிப்புக் கேட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிற முகம், அது மாறும், அவ்வளவுதான். வாய் திறந்தது. திறந்தது எனக்கே தெரிந்தது. அதே சமயம் வேறொன்று, அவர் ஊதவே இல்லை, ஊதவே இல்லை என்றால் ஹார்ன் செத்துக் கிடந்தால் என்ன, உயிரோடு இருந்தால் என்ன, அப்படியானால் நான் இல்லை, நான் கொல்லவில்லை என்று உள்ளே ஒன்று எழுந்து நின்று கை கால் உதறியது.

"பரவால்லண்ணே," என்றேன். "பழைய கதை. விடுங்க."

அவர் என் கையை நெற்றியில் வைத்துக்கொண்டார். விரல் முட்டியில் அவர் கண்ணீர் பட்டது, சூடாக இருந்தது. "நீ பெரிய மனசுக்காரன்யா" என்றார். இட்லி சாப்பிட்டுப் போங்கள் என்று உலகு வந்து நின்றாள், மகள் காத்திருப்பாள் என்று சொல்லிவிட்டு இன்ஜினைச் செருப்புப் பெட்டியில் பஞ்சுக்குள் வைத்து மூடினார். ஒரு தடவைகூட ஊதிப் பார்க்கவில்லை. வாசலில் செருப்பை மாட்டக் குனிந்தபோது தடுமாறினார், தோளைப் பிடித்துக்கொண்டேன். இறங்கும்போது சுவரைத் தொட்டுத் தொட்டு இறங்கினார். முதல் வளைவில் அண்ணே என்று கூப்பிட்டேன். நின்று நிமிர்ந்து பார்த்தார்.

"பாத்து எறங்குங்க. லைட் இல்ல."

தலையாட்டினார். செருப்புச் சத்தம் இரண்டாம் மாடிக்குப் போயிற்று, முதல் மாடிக்குப் போயிற்று. ஓடினால் பிடித்துவிடலாம், இந்த வயதிலும். கேட் திறந்து மூடுகிற சத்தம் கேட்கும்வரை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே வந்ததும் உலகு கேட்டாள்.

"என்னங்க, அழுதாரே, என்னவாம்?"

"மன்னிப்புக் கேட்டாரு."

"உங்ககிட்டயா? எதுக்கு?"

"ஏதோ பழசு."

"நீங்க என்ன சொன்னிய?"

"பரவால்லன்னு சொன்னேன்."

"நல்ல காரியம் பண்ணினிய," என்று சொல்லிவிட்டு அண்ணாச்சிக்கென்று எடுத்த இலையை மடித்துவிட்டுத் தட்டை எடுத்து வைத்தாள். "எத்தன இட்லி வைக்க?"

எனக்குப் பசித்தது. எத்தனையோ நாளாக இல்லாத பசி, குடலைப் பிடித்து இழுக்கிற பசி.

"ஆறு வை," என்றேன்.